முருகேஸ்வரி கேட்ட பயத்தஞ்சோறு

ஐம்பது வயசு தாண்டும் வரைக்கும் பொன்ராஜுக்கு அடுப்பு பற்ற வைக்கத் தெரியாது. பீடிக்கு நெருப்பு வேண்டுமென்றால்கூட வாசலில் உட்கார்ந்தபடி குரல் கொடுப்பார். முருகேஸ்வரி ஒரு கொள்ளிக்கட்டையைக் கொண்டுவந்து நீட்டுவாள். காட்டு வேலையில் அவரை அடிக்க நரிக்குடிப் பக்கத்தில் ஆள் கிடையாது. கரிசலில் பருத்தி, ஓரத்தில் தட்டாம்பயறு, மழை கூடுதலாகப் பெய்தால் கொஞ்சம் கொத்தமல்லி. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் தண்ணீர்கூட மோந்து குடிக்க மாட்டார்.

முருகேஸ்வரிக்கு முழங்கால் வலி வெகுநாளாக இருந்தது. களை எடுக்கிற பொம்பளைக்கு முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொன்ராஜ் டவுனுக்குப் போகும்போதெல்லாம் மெடிக்கலில் ஒரு அட்டை வலி மாத்திரை வாங்கி வருவார். வெற்றிலை பாக்கோடு அதுவும் பையில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். பிறகு கால் வீங்கியது, முகம் வீங்கியது, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. அருப்புக்கோட்டையில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "கிட்னி ரெண்டும் வேலை செய்யலங்க" என்றார். "என்ன மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க?"

பொன்ராஜ் சட்டைப்பையைத் தடவினார். அன்றைக்கு வாங்கிய அட்டையும் அதில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷின் நாள். விடிகிற நேரத்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். அங்கே கையில் ஊசி குத்திப் படுக்க வைப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் திரும்பக் கூட்டி வருவார். ஒரே மகள் சுகப்பிரியா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, அப்போது முழுகாமல் இருந்தாள். அவள் வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுப் போனாள். தம்பி பெண்டாட்டி தங்கச்செல்வி கொஞ்ச நாள் குழம்பு கொடுத்துவிட்டாள். பருத்தி எடுக்கிற காலம் வந்ததும் அதுவும் நின்றது. அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் காடு இருக்கிறது.

அப்படித்தான் பொன்ராஜ் அடுப்புக்குப் போனார். முதல் நாள் சோறு அடிப்பிடித்துக் கரிந்தது. மறுநாள் கட்டிலை இழுத்து அடுப்படி வாசலுக்கு நேரே போடச் சொன்னாள் முருகேஸ்வரி. அங்கே படுத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள்.

"அரிசியக் களையச் சொன்னா கசக்குறீக. அது என்ன, அழுக்கு வேட்டியா?"

"நீ வாய மூடு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் நேத்து கரியப் போட்டீக."

ஆனால் சமைக்கத்தான் என்ன இருந்தது? தண்ணீர் நாள் முழுக்க ஒரு சொம்பு. உப்பு பேருக்கு. காய் எதுவானாலும் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இளநீர், வாழைப்பழம், கீரை, பருப்பு, பயறு எதுவும் தொடக் கூடாது. "அதுல இருக்க சத்து ரத்தத்துல ஏறுனா நெஞ்சு நின்னு போகும்" என்று மெஷின் பார்க்கிற உதயகுமார் தம்பி விளக்கமாகச் சொல்லியிருந்தான். பொன்ராஜ் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார். வடித்த சோறும் வடித்த காயுமாக ஒரு வருசம் ஓடியது. நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று அவள் ஒன்றுமே சொல்ல மாட்டாள். மருந்து குடிக்கிற முகத்தோடு நாலு வாய் தின்பாள். தட்டு அப்படியே திரும்பி வரும்.

அந்தத் தை மாதம் தட்டாம்பயறு ஒன்றுக்கு ரெண்டாகக் காய்த்திருந்தது. நெற்றைப் பறித்து வந்து வாசலில் காயப் போட்டு, கம்பால் அடித்தார் பொன்ராஜ். தொலி வெடித்துப் பயறு சிதறுகிற சத்தம் கட்டிலில் கிடந்தவளுக்குக் கேட்டது. சாயங்காலம் அவர் பயற்றைப் புடைத்து அள்ளி உள்ளே கொண்டுவந்தபோது கையை நீட்டினாள். ஒரு பிடி கொடுத்தார். அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு நாளைக்குப் பயத்தஞ்சோறு பொங்குங்களேன்."

"ஆகாதுன்னு சொல்லிருக்காகல்ல."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டைத் தொடவில்லை. பொன்ராஜ் பதறிப்போய் உதயகுமாருக்கு போன் போட்டார்.

"ரொம்ப ஆசைப்பட்டா ஒரு கைப்பிடி குடுங்கண்ணே" என்றான் அவன். "நல்லா ஊற வச்சு, ரெண்டு தடவை தண்ணி மாத்தி வேக வச்சு, அந்தத் தண்ணியக் கீழ கொட்டிருங்க. மெஷினுக்கு வர்றதுக்கு முந்துன நாள் மட்டும். கூடக் குடுத்துறாதீக."

வியாழக்கிழமை அவன் சொன்னபடியே செய்தார். பயறு வெளுத்துப் போய், தொலி கழன்று, வாயில் போட்டால் மாவாகக் கரைந்தது. சோற்றில் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தார். முருகேஸ்வரி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். பிறகு தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"உசுர வடிச்சுக் கொட்டிட்டு சக்கையக் குடுக்கீக."

"அவன் சொன்னான் அப்படி."

"நாளைக்கு நான் வரல."

"எங்க?"

"மெஷினுக்கு. இனிமே வரல. எனக்குப் போதும்ங்க."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தார். விடியற்காலையில் எழுப்பினார், எழுந்திருக்கவில்லை. கெஞ்சினார், கத்தினார். பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. வாசல்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் சுகப்பிரியா போனில், "மெஷின்ல போட்டாச்சாப்பா?" என்று கேட்டபோது, "ஆச்சு ஆத்தா" என்றார். உண்மையைச் சொன்னால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். வந்த பிறகு அவளும் இவளும் அழுவதைப் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்று அவருக்குத் தோன்றியது.

சனி, ஞாயிறு. முருகேஸ்வரியின் முகம் பானையாக உப்பியது. கால் தோலில் விரல் வைத்தால் பள்ளம் விழுந்தது, மேலே எழும்பவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணையை அடுக்கி வைத்துச் சாய்ந்தபடியே கிடந்தாள். அப்போதும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று பொன்ராஜுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"பொங்கித் தாரேன். நீ கேட்ட மாதிரியே. வடிக்காம. நாளைக்கு பஸ்ஸுக்கு வரணும்."

அவள் கண்ணைத் திறந்தாள். "சத்தியமா?"

"சத்தியமா. நீயும் சொல்லு."

"வாரேன்."

அடுப்பைப் பற்ற வைத்தார். கட்டிலிலிருந்து குரல் வந்தது. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள், ஆனால் ஒன்றையும் விடவில்லை. குக்கர் வேண்டாம், குழைந்துவிடும், சட்டியை வையுங்கள். பயற்றை எண்ணெய் ஊற்றாமல் வறுங்கள். வாசம் வரட்டும், நிறம் மாறக் கூடாது. இப்போது தண்ணீர். பயறு முக்கால் வெந்ததும் அரிசி. பூண்டை உரித்து முழுசாகப் போடுங்கள், நசுக்க வேண்டாம்.

"சீரகம்?"

"அத அரிசியோடயே போடணும். மறந்துட்டீகளா? போடுங்க இப்ப. தீயக் கொறைங்க. மூடி மேல கனமா எதையாச்சும் வைங்க."

அம்மிக் குழவியைத் தூக்கி மூடி மேல் வைத்தார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமல் வந்தது. தண்ணீர் வற்றி, சட்டிக்குள் சலசலப்பு அடங்கிய பிறகு தேங்காய்ப்பூவைத் தூவி, நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறச் சொன்னாள். பயறும் சோறும் ஒட்டாமல் உதிரியாக வந்திருந்தது. வீடு முழுக்க அந்த வாசம் நிறைந்தது. பொன்ராஜுக்கும் பசி எடுத்தது. எத்தனையோ நாளாக அவருக்குப் பசி என்று ஒன்று தெரியவில்லை.

ஒரே தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். உருண்டை பிடித்து ஊட்டினார். இரண்டாவது வாய்க்குப் பிறகு அவளே கையை விட்டு எடுத்துத் தின்றாள். உப்பு பத்தலை என்று சொல்லிக்கொண்டே வேகமாகத் தின்றாள். "போதும்த்தா" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. பிடுங்கி வைத்திருக்கலாம். அவருக்கு மனசு வரவில்லை. தீர்ந்ததும் தட்டை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்.

சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே பேசினாள். தெற்குக் காட்டில் களை மண்டிக் கிடக்கிறதா என்று கேட்டாள். சுகப்பிரியா பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதாமே என்றாள். உங்களுக்கு அடுப்படி வேலை வந்திருச்சு என்றாள். கொஞ்ச நேரத்தில் தலையணையில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். விடியும் முன்னே எழுப்பியதும் எழுந்து, சேலை மாற்றிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்து நடந்து வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தார். குளிர்காற்று அடிக்கிறது என்று துண்டைப் போர்த்திவிட்டார். திருச்சுழி தாண்டியதும் அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள், தூங்கட்டும் என்று தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். "அய்யா, இறங்குங்க" என்றார் கண்டக்டர். பொன்ராஜ் அவள் கன்னத்தைத் தட்டினார். முருகு என்றார். மறுபடியும் தட்டினார். துண்டு நழுவி விழுந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, ஓடிப் போய் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் பொன்ராஜ் ஒளிக்காமல் பதில் சொன்னார். வெள்ளிக்கிழமை வராததைச் சொன்னார். பயத்தஞ்சோற்றைச் சொன்னார்.

"அதனாலயா தாயி?"

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "ஒரு தடவை மெஷின் விட்டுப்போனாலே இப்படி ஆகலாம்ங்க. சாப்பாட்டாலதான்னு என்னால சொல்ல முடியாது. அது இல்லைன்னும் சொல்ல முடியாது."

உதயகுமார் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முருகேஸ்வரியை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தி, சுகப்பிரியா வந்து சேரும்போது மத்தியானம் சாய்ந்துவிட்டது. அம்மா மேல் விழுந்து அழுது முடித்து, குளிப்பாட்டுவதற்குப் பாத்திரம் எடுக்க அடுப்படிக்குள் போனாள். போனவள் சட்டியோடு திரும்பி வந்தாள். மிச்சச் சோறு அடியில் காய்ந்து கிடந்தது.

"இது யாருக்குப் பொங்குனது?"

பொன்ராஜ் எழுந்து நின்றார். "அம்மாவுக்குத்தான் ஆத்தா. கேட்டா."

"நீங்களேவா குடுத்தீக?"

"மெஷினுக்கு வரமாட்டேன்னுட்டா. வெள்ளிக்கெழமையும் வரல. பொங்கிக் குடுத்தா வாரேன்னு சொன்னா..."

"வெள்ளிக்கெழமை போகலையா? ஆச்சுன்னு சொன்னீக எங்கிட்ட."

தங்கச்செல்வி வந்து அவள் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு போய் ஆட்டுத் தொட்டியில் கவிழ்த்தாள்.

சுகப்பிரியா அவரைத் திட்டவில்லை. கருமாதி முடிகிற வரைக்கும் அவரோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. "சித்தி, அவுகளைச் சாப்பிடச் சொல்லுங்க" என்பாள் தங்கச்செல்வியிடம், அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே. ஊருக்குப் போகிற அன்றைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டாள். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு போன் வந்தது. ஆனால் பேசுவது பிள்ளைதான். மழலையில் என்னவோ சொல்லும், பொன்ராஜ் சிரிப்பார், போன் அறுந்துவிடும். ஊரில் யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் ரெண்டு விதமாகவும் பேசிக்கொள்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பேச்சு சரி என்று அவருக்கே தெரியாதபோது யார் மேல் கோபப்படுவது? காட்டுக்குப் போனார். அந்த வருசம் ஓரத்தில் பயறு போடவில்லை. போட மனசில்லை.

வருசத் திதிக்கு சுகப்பிரியா வந்தாள். படையல் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, வெயில் இறங்குகிற நேரத்தில் பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். யாரையும் இடையில் வைக்காமல், நேராக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னிக்கு அம்மா என்ன சொல்லுச்சுப்பா? சாப்பிடும்போது."

பொன்ராஜ் யோசித்தார். களையைப் பற்றிக் கேட்டது, பல்லைப் பற்றிச் சொன்னது எல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் மகள் கேட்பது அதை இல்லை என்று பட்டது.

"உப்பு பத்தலைன்னு சொன்னா" என்றார்.

சுகப்பிரியா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பொன்ராஜுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. பிறகு பிள்ளை முழித்து அழுதது. அவள் எழுந்து போனாள்.

மறுநாள் ராத்திரி திருப்பூரிலிருந்து போன் வந்தபோது அவளே பேசினாள். பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது என்றாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாள்.