கதவுக்குப் பின்னால் நிற்கும் துடுப்பு

என் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு துடுப்பு நிற்கிறது. சுனாமி வாப்பாவின் தோணியை அடித்து நொறுக்கியபோது மிஞ்சியது அது ஒன்றுதான். "இந்தச் சனியன எறிஞ்சா என்ன?" என்று வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். எறிய மாட்டேன். என் காக்காவின், கூடப்பிறந்த ஒரே அண்ணனின், மண்டையைப் பிளந்த துடுப்பு அது. பிளந்தவன் என் புருஷன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பெற்ற உம்மாவையும் வாப்பாவையும் கடல் கொண்டுபோன பிறகு, காக்கா தான் கலியாணம் முடிக்காமல் மேசன் வேலை செய்து, கல்முனையில் எனக்கொரு வீடு கட்டி, என் பேரிலேயே உறுதிப் பத்திரமும் எழுதித் தந்தார். அந்த வீட்டுக்கு வந்து இருந்த மாப்பிள்ளைக்கு, அது தன் பேரில் இல்லையே என்று வயிறு எரிந்தது. யுத்தம் முடிந்ததென்று ரோட்டில் வெடி கொளுத்திய அன்று பகல், உறுதியை மாற்றச் சொல்லி என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். என் கூச்சல் கேட்டு ஓடிவந்த காக்கா அவன் கழுத்தை நெரித்தார். அவன் கைக்குத் துடுப்பு எட்டியது. தேங்காய் உடைகிற சத்தம்தான் கேட்டது எனக்கு.

காக்கா விழவில்லை. இரத்தத்தை உடுத்திருந்த சாரனால் துடைத்து, தொப்பியை இறுக்கிப் போட்டு, அவனை முற்றத்தில் தள்ளி உதை உதையென்று உதைத்தார். உதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நெஞ்சைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார். வேர்வை ஆறாக ஓடியது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இசிஜி தாளைப் பார்த்தார். "மாரடைப்பு. இருதயத்துக்குப் போற குழாய் அடைபட்டிருக்கு. இரத்தம் உறையாம இருக்க இப்பவே மருந்து தாறம். பெரிய ஆஸ்பத்திரியில குழாயத் திறப்பாங்க. தலையில அடி கிடி பட்டிருக்கா? பட்டிருந்தா மறைக்காதீங்க. இந்த மருந்து போனா, மூளைக்குள்ள கசியிற இரத்தம் நிக்காது."

"எனக்கு ஆரு டொக்டர் அடிக்கிற? ஒண்டுமில்ல" என்றார் காக்கா.

அடி என்றால் பொலிஸுக்குப் போகும், மச்சான் மறியலில் கம்பி எண்ணுவான், தங்கச்சி தனித்துப் போவாள். தன் உயிரை விட அதுதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. இந்த மடத்தனத்தை எங்கள் ஊர்க் காக்காமார்தான் செய்வார்கள்! நர்ஸ் மாத்திரைகளை அவர் கையில் வைத்தார். நான் தட்டிவிட்டு, தொப்பியைப் பிடுங்கினேன். காய்ந்த இரத்தம் மயிரோடு பிய்ந்து வந்தது.

"துடுப்பால அடிச்ச டொக்டர். அடிச்சது என்ட மாப்பிள்ள. எழுதுங்க."

படுத்தபடியே காக்கா என் கன்னத்தில் அறைந்தார். "நாசமாப் போனவளே, உன்ட வாழ்க்கைய நீயே கெடுத்துப் போட்டியே!" என்று அழுதார். "செத்துப் போறதுக்கா எனக்கு வீடு கட்டித் தந்தீங்க?" என்று நானும் கத்தினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் தலையைப் படம் பிடித்தார்கள். உள்ளே கசிவு இல்லை. அதன் பிறகுதான் மருந்து கொடுத்து, தொடை வழியாகக் கம்பி விட்டுக் குழாயைத் திறந்தார்கள். மருந்து பிந்தியதில் இருதயத்தின் ஒரு பக்கம் செத்துவிட்டது என்றார்கள். மருந்து ஏறியதும், தையல் போட்ட வெளிக்காயம் தலையணை நனைய நனைய ஒழுகியது. "உள்ளுக்கு ஒண்டுமில்லாததுக்கா புருஷன உள்ளுக்குப் போட்டாய்?" என்று சொந்தக்காரர் இன்றும் கேட்கிறார்கள். கசிவு இருந்திருந்தால்? அதை ஒருவரும் கேட்பதில்லை.

காக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறார். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். மாத்திரையை என் கையால் கொடுத்தால்தான் விழுங்குவார், முறைத்துக்கொண்டே.

போன மாதம் ஒரு பின்னேரம், மறியலிலிருந்து வெளியே வந்துவிட்ட என் புருஷன் வாசலில் நின்று கதவை உதைத்தான், வீடு வேண்டுமாம். நான் துடுப்பைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறக்கப் போனேன். உள்ளறையிலிருந்து காக்கா மூச்சிரைக்கக் கத்தினார்: "புள்ள, கால்ல போடு! தலையில மட்டும் அடிச்சிராத!"