கழுத்தில் தொங்கிய ஸ்கேல்

பிள்ளைகளே, நூல் கோத்த அந்த மர ஸ்கேல் உங்கள் இருவருக்கும் மறந்திருக்காது. ஓரத்தில் நாலு வெட்டு இருக்கும். அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் சொன்னதே இல்லை. தமிழில்தான் எழுத வருகிறது. உங்களால் வாசிக்க முடியாது. போனில் படம் பிடித்தால் அதுவே இங்கிலீஷில் வாசித்துச் சொல்லுமாம், அப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செம்பூரில் நான் தச்சு வேலை பார்த்த கான்வென்டில், அயர்லாந்துக்கார சிஸ்டர் ஒருவர் இருந்தார். வயதானவர். அவர் ஹிந்தி காய்கறிக்கடையைத் தாண்டாது. என் இங்கிலீஷ் அதற்கும் கீழே. இரண்டையும் கலந்து பேசிக்கொள்வோம். அவர் அறை ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த ஒருநாள், தன் தாத்தா காலத்தைச் சொன்னார். அவர்கள் ஊரையும் இங்கிலீஷ்காரன்தான் ஆண்டானாம். வெள்ளைக்காரர்களையும் வெள்ளைக்காரன் ஆண்டான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் ஒரு குச்சி தொங்கும். வீட்டில் பேசும் சொந்த மொழியைப் பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. வாத்தியார் வெட்டுகளை எண்ணி அடிப்பார். தாத்தாவின் அண்ணன் அப்படிப் படித்து, கப்பலேறி அமெரிக்கா போனார். எழுதத் தெரிந்தது இங்கிலீஷ் மட்டும்தான் என்பதால் கடிதமும் அதில்தான் வரும். அவர் அம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. பாதிரியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பாளாம். இதைச் சொல்லும்போது சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை.

என் மண்டையில் ஏறியது வேறு. குச்சி தொங்கியது, இங்கிலீஷ் வந்தது, அமெரிக்கா போனார். அவ்வளவுதான். அன்று மாலையே தாராவிக்கு வந்து ஸ்கேலில் துளை போட்டேன்.

"இனி வீட்டுக்குள்ள இங்கிலீஷ்தான். தமிழ் பேசினா ஒரு வெட்டு. அஞ்சு ஆச்சுன்னா ஸ்கூல் பிக்னிக் கிடையாது."

உங்கள் அம்மா சிரித்தாள். "அப்பம் நான் யாருகூட பேச? செவருகூடயா?"

"ஏளா, நீயும் படிச்சுக்கோ" என்றேன்.

மகளே, ஸ்கேல் தொங்கியது உன் கழுத்தில். உனக்கு அப்போது ஆறு வயது. பிக்னிக்குக்கு மூன்று நாள் இருந்தபோது நாலு வெட்டு விழுந்திருந்தது. உனக்கு வலது காதில் வலி. இங்கிலீஷில் சொன்னால் அம்மாவுக்குப் புரியாது. தமிழில் சொன்னால் தம்பி என்னிடம் போட்டுக்கொடுத்துவிடுவான். நான் வேலை முடிந்து வந்ததும் பக்கத்தில் வந்து, "இயர்" என்றாய். "ஃபுல் சென்டென்ஸ்" என்றேன். நீ போய்ப் படுத்துக்கொண்டாய். மூன்றாம் நாள் காலையில் தலையணை முழுக்கச் சீழ். "பிள்ளைய ஊமையாக்கிட்டீங்களே" என்று அம்மா கத்தியது இன்னும் கேட்கிறது. இன்றும் நீ போனை இடது காதில்தான் வைக்கிறாய்.

சிஸ்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வாத்தியார் அடித்தார், சரி. வீட்டில் குச்சியை வெட்டியது தாத்தாவுடைய அப்பா. பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான்." அதற்குப் பிறகு, அவர் இருந்தவரைக்கும், அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

ஸ்கேலைக் கழற்றிவிட்டேன். தமிழ் திரும்பி வரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த கொஞ்சம் ஹிந்தியில் நீங்கள் அவளோடு பேசப் பழகிக்கொண்டீர்கள்.

மகளே, போன ஞாயிறு கனடாவிலிருந்து நீ இங்கிலீஷில் எழுதிய மெசேஜை அம்மா என்னிடம் நீட்டினாள். "என்ன எழுதிருக்கா? வாசிங்க."

"இந்த வருசம் வர முடியாதாம். நல்லா இருக்காளாம்."

"அவ்வளவுதானா? எவ்வளவு நீளமா இருக்கு!"

அவ்வளவுதான் என்றேன். எனக்குப் புரியாத நாலைந்து வரியை விட்டுவிட்டேன்.

அவள் பால் வாங்க இறங்கிப் போனபின், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். கழுத்தில் போட்டுப் பார்க்கலாமென்று தோன்றியது. உன் கழுத்துக்கு அளந்த நூல். என் தலை அதற்குள் நுழையவில்லை. உளியை எடுத்து, நாலாவது வெட்டுக்குப் பக்கத்தில் என் கணக்கில் ஐந்தாவதை வெட்டினேன்.