நூறடிச் சுறா

1996 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. காக்ஸ் டவுனில் என் தங்கை வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் அறிவியல் கண்காட்சி. அவள் அங்கே மூன்றாவது ஆண்டாகத் தற்காலிக ஆசிரியை. ஜூனில் அவளை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று கரஸ்பாண்டன்ட் கண்காட்சியைப் பார்த்தபின் முடிவு செய்வதாக இருந்தது.

விளையாட்டு விழாவுக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளால் மைதானத்தில் சுறாக்களை நிஜ நீளத்தில் வரைந்திருந்தாள். பெரிய வெள்ளைச் சுறா இருபதடி. இன்றும் கடலில் உள்ள மீன்களிலேயே பெரிதான திமிங்கலச் சுறா நாற்பதடி. எல்லாவற்றையும் மிஞ்சி, வாசல் கேட்டிலிருந்து கொடிக்கம்பம் வரை படுத்திருந்தது மெகலடான், என்றோ அற்றுப்போன சுறா. விருந்தினர்களை அதன் வாய் வழியாக அழைத்து வர ஏற்பாடு.

"இது எத்தனை அடி?"

"நூறு. கரஸ்பாண்டன்ட் சார் குடுத்த புக்குல இருக்கு."

கனமான ஆங்கிலப் புத்தகம். அவருடைய தகப்பனார் வாங்கியது. வழக்கம்போல முதலில் அச்சான ஆண்டைப் பார்த்தேன். 1920களில் வந்தது.

"அண்ணே, உனக்கு வருஷம் பாக்காம தூக்கம் வராது. மீனுக்குமா எக்ஸ்பயரி டேட்டு?"

இருந்தது. சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். அது மக்கிப்போகும், மிஞ்சுவது பெரும்பாலும் பல்தான். அந்தக் காலத்தில் தாடையைச் செய்து பார்த்தவர்கள், ஓரத்துச் சிறு பற்கள் இருக்க வேண்டிய இடத்திலும் பெரிய பற்களையே வரிசையாக வைத்துவிட்டார்கள். தாடை அளவுக்கு மீறி விரிந்தது. அதற்கேற்ப மீனும் நீண்டது. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்திவிட்டதை நான் படித்திருந்தேன்.

"இப்போ எவ்ளோ சொல்றாங்க?"

"அம்பது. கொஞ்சம் முன்ன பின்ன."

"பாதியா?" அவள் கேட்டிலிருந்து கொடிக்கம்பம் வரை பார்த்தாள். "அவரு சர்ச்சுல, கடையிலன்னு பாக்கிறவங்ககிட்ட எல்லாம் நூறடி மீனு, வந்து பாருங்கன்னு சொல்லி வெச்சிருக்காரு. நாளைக்கு அவர் மூஞ்சிக்கு முன்னாடி பாதி மீனைக் காட்டவா? வேலை போச்சுன்னா நீ வந்து கிளாஸ் எடுப்பியா?"

அவள் திமிங்கலச் சுறாவின் வால் பக்கம் போய் நின்றாள். நூறடிக்குப் பக்கத்தில் அது ஒரு குட்டியைப் போலத் தெரிந்தது.

"பசங்க இதைத்தானே எழுதிட்டுப் போவாங்க," என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு துடைப்பத்தை எடுத்தாள்.

வாலை மட்டும் வெட்டினால் போதாது. உடம்பும் ஒடுங்க வேண்டும். முழுவதையும் கூட்டித் தள்ளிவிட்டுப் புதிதாக வரைந்தாள். நான் அளவுக் கயிற்றைப் பிடித்தேன். கேட்டைப் பூட்ட வந்த பியூன், "மேடம், மீனு அர்த ஹோயித்தா?" என்று கன்னடத்தில் பதறினார். அவருக்கும் பாதி போனது தெரிந்துவிட்டது. தங்கையும் நானும் சிரிக்கவில்லை.

காலையில் கரஸ்பாண்டன்ட் விருந்தினர்களோடு வந்தார். "வாங்க, வாங்க. நூறடி! கொடிக்கம்பம் வரைக்கும்!" என்று சொல்லிக்கொண்டே வாய்க்குள் நுழைந்தவர், பாதி மைதானத்தில் வால் முடிவதைக் கண்டு நின்றார்.

"யாரு அழிச்சது?"

"நான்தான் சார்." சுண்ணாம்பு படிந்த கைகளைச் சேலை மடிப்பில் மறைத்துக்கொண்டாள். "அந்த அளவு தப்பு சார். பழைய கணக்கு."

"எங்கப்பா புக்கு தப்பா?"

விருந்தினர்கள் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல் வரிசையைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கினாள். முதல் வாக்கியத்தில் நாக்கு குழறியது, இரண்டாவதில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாலிலிருந்து மூக்கு வரை மெதுவாகத் திரும்பி நடந்தார். பக்கத்தில் இருந்த திமிங்கலச் சுறாவைப் பார்த்தார்.

"அப்போ இப்ப கடல்ல இருக்கிறதே இதுக்குக் கிட்டத்தட்ட வருதா?"

"ஆமா சார். பத்தடிதான் கம்மி."

"நேத்தே எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம் இல்லம்மா? ஊரெல்லாம் நூறுன்னு சொல்லிட்டேனே." விருந்தினர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். கரஸ்பாண்டன்ட் சிரிக்கவில்லை. "சரி. அடுத்த வருஷம் திமிங்கலம் போடுங்க. வரையறதுக்கு முன்னாடி அளவை எனக்குச் சொல்லிடுங்க."

அவர் விருந்தினர்களோடு அடுத்த காட்சியைப் பார்க்கப் போய்விட்டார். என் தங்கை என் பக்கம் திரும்பி, "அடுத்த வருஷம்னுதானே சொன்னாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நம்பாமல், கேட் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பியூனிடமும் போய்க் கேட்டாள்.