எட்டு மூலை டோக்கன்

மாமனாரின் டோக்கனை நான் திருடவில்லை. இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, "அதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். இரண்டாம் முறை செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கணவரிடம் சொன்னபோது, "எடுத்துட்டுப் போயேன், அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றார். அது உண்மைதான். அவர் எதற்கும் ஒன்றும் சொன்னதில்லை. நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தோம். மகளுக்கு நான்கு வயது. அவள் இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும். இருமாமல் தூங்கினால் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். வீட்டுக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள், நாலு பிள்ளைகளோடு பழகவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதால், குரோம்பேட்டையில் மாதம் ஒரு சனிக்கிழமை நடந்த இலவச ஓவிய வகுப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஷேர் ஆட்டோவில் கிழக்குத் தாம்பரம், அங்கிருந்து ரயிலில் இரண்டாவது நிறுத்தம்.

வகுப்பு நடந்த இடம் ஒரு மியூசியம். மூடிப்போன இரும்பு வார்ப்பு ஃபவுண்டரி ஒன்றில் மிஞ்சியிருந்த, தொழிலாளிகளின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸும் அதை ஒட்டிய ஷெட்டும்தான் அது. மற்ற இடமெல்லாம் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. ரிட்டயரான கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பில்டரிடம் நடையாய் நடந்து அந்த மூலையைக் கேட்டுப் பெற்று, பழைய தொழிலாளிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு நடத்திவந்தார். எல்லோருக்கும் அவர் சார். ஓவியம் தவிர, பழைய தொழிலாளி யாராவது வந்து பேசுவார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஈரமணலில் அச்சு எடுத்து, இரும்புக்குப் பதிலாக மெழுகை உருக்கி ஊற்றிக் காட்டுவார்கள். மெழுகு நாளில் நான் மகளின் கையை விடவே மாட்டேன்.

அந்த ஃபவுண்டரியில்தான் என் மாமனார் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தார். "மாமா, நீங்களும் வாங்களேன்" என்று பலமுறை அழைத்தேன். மூட்டு வலி என்பார். அதே மூட்டோடு தினமும் சேலையூர் வரை நடந்து போய் வருவார். அப்போதே யோசித்திருக்க வேண்டும். மியூசியத்தில் யாரிடமும் நான் அவரைப் பற்றிச் சொல்லவில்லை. ஒருநாள் அவரே வந்து நிற்கும்போது எல்லோரும் ஆச்சரியப்படட்டும் என்று வைத்திருந்தேன்.

வகுப்பு முடியும் வரை சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று சார் என்னிடம் பொருள்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலையைக் கொடுத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பிறகு, யார் எந்தப் பொருளைக் கொடுத்தார்கள் என்று பதியும் ரிஜிஸ்டரும் என்னிடம் வந்தது. பேனாவால்தான் எழுத வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது என்று நானே ஒரு விதி போட்டு முதல் பக்கத்தில் எழுதி ஒட்டினேன்.

அந்த வருடம் சார் ஒரு விழாவுக்கு ஏற்பாடு செய்தார். டைம் ஆபீஸ் சுவரில் பெரிய மரப்பலகை ஒன்று இருந்தது. வரிசை வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். வேலைக்கு வருகிறவர் தன் எண் அடித்த பித்தளை டோக்கனை அதில் மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். காலியாக இருக்கும் ஆணிக்கு உரியவர் அன்று வரவில்லை என்று அர்த்தம். கம்பெனி மூடிய அன்று ஆளாளுக்குத் தன் டோக்கனைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குடும்பங்களையும் வரவழைத்து, மைக்கில் எண்ணும் பெயரும் படித்து, ஒவ்வொருவராக மறுபடி மாட்டச் செய்வது என்று முடிவானது. படிக்கிறவள் நான்.

மாமனாரின் டோக்கன் பீரோவின் உள் அறையில், மகளின் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில், ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது. எண் 214. கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். நான் பதிந்த டோக்கன்கள் எல்லாம் வட்டம். இதற்கு மட்டும் எட்டு மூலைகள். ஃபோர்மேன் மாதிரி ஏதோ மேல் வேலையில் இருந்திருக்கிறார், அடக்கத்தால் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

விழாவுக்கு முந்தைய வியாழக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். போனதும் முதல் வேலையாக ரிஜிஸ்டரில் டோக்கன்களுக்கு எண் வரிசையில் ஒதுக்கியிருந்த பக்கத்தைத் திறந்து, 214, பித்தளை டோக்கன், எட்டு மூலை என்று எழுதி, கொடுத்தவர் இடத்தில் மாமனார் பெயரை எழுதினேன். அதன் பிறகுதான் டோக்கனை மேசைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பெரியவர் டோக்கன்களை எண் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். மணல் அச்சு எடுக்கும் மோல்டராக இருந்தவர். என் மகளுக்கு மெழுகில் மீன் செய்து கொடுத்தவர்.

"ஐயா, இதையும் வச்சுக்கோங்க. எங்க மாமனாரோடது."

அவர் கையை நீட்டவில்லை. குனிந்து பார்த்தார்.

"சார், இங்க வந்து பாரு. எட்டு மூல வந்துகீது."

சார் வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இது என்ன, வேற மாடலா இருக்கு? ஃபோர்மேன் டோக்கனா?"

"ஃபோர்மேனா?" மோல்டர் சிரித்தார். "கருங்காலி டோக்கன் சார் இது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் சாரிடமே சொன்னார்.

"ஸ்டிரைக்கு அப்போ அல்லாரு டோக்கனையும் ஒரு கோணில போட்டு சங்கத்துல குட்த்துட்டோம். எவனும் நடுவுல பூந்து உள்ள போவக்கூடாதுன்னு. அப்பிடியும் பதினோரு பேரு போனானுங்க. டோக்கன் இல்லியே? கம்பெனி புச்சா அடிச்சுக் குட்த்தான், எட்டு மூல. ஸ்டிரைக்கு முடிஞ்சி நாங்க வட்டத்த வாங்கிகினு உள்ள போனோம். அவனுங்க வட்டத்த ஏரில போட்டுட்டோம். அப்பால கம்பெனி மூடுற வரிக்கும் அவனுங்களுக்கு எட்டு மூலதான். பத்தொம்போது வருசம். பலகயப் பாத்தாலே தெரியும் எவன் எவன்னு."

"இத்தனை நாள்ல நீங்க சொல்லவே இல்லையே?" என்றார் சார்.

"இன்னாத்த சொல்றது? ஒருத்தன் வூட்லேர்ந்தும் அது வரல பாத்தியா. இந்தப் பொண்ணுதான் பளபளன்னு தேச்சி எட்த்தாந்துகீது." இப்போது என் பக்கம் திரும்பினார். "இருநூத்திப் பதிமூணு நானு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்கி சேந்தோம். உங்க மாமனார் வட்டத்த ஏரில வீசுனதே நாந்தாம்மா."

மகள் என் புடவையை இழுத்து, "அம்மா, கருங்காலின்னா என்ன?" என்று கேட்டாள். நான் அவள் காதைப் பொத்தினேன். கேட்டு முடித்த பிறகு பொத்தி என்ன பயன்?

டோக்கனைத் திருப்பிக் கேட்டேன். சார் தயங்கினார். மியூசியத்துக்கு இது கட்டாயம் வேண்டியது என்று அவர் முகமே சொன்னது. ஆனாலும் கொடுத்துவிட்டார். "எடுத்துட்டுப் போங்கம்மா. அவர்கிட்ட பேசுங்க. ஞாயித்துக்கிழமை கொண்டு வந்தா வச்சுக்கலாம்." ரிஜிஸ்டரை யாரும் தொடவில்லை. அதில் மை காய்ந்துவிட்டிருந்தது.

ரயிலில் திரும்பி வரும்போது மனம் ஓயவில்லை. சொல்வதா, சொல்லாமல் பழைய இடத்தில் வைத்துவிடுவதா? சொன்னால், மூடி வைத்திருந்ததைத் திறந்தவள் ஆவேன். சொல்லாவிட்டால், மோல்டர் நாலு பேரிடம் சொல்லி, அது வேறு யார் வாயிலாகவோ அவர் காதுக்கு வரும். வீட்டுக்கு வந்தேன். மாமனார் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நேராகப் பீரோவைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி, சான்றிதழுக்கு அடியில் வைத்தேன்.

கணவர் வந்ததும் அவரிடம் சொன்னேன். "இதுக்கா இவ்ளோ டென்ஷன்? அப்போ எனக்கு ரொம்ப உடம்பு சரியில்லாம போச்சு. அதனாலதான் அப்பா வேலைக்குப் போனாரு. இதெல்லாம் பழைய கதை" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். சமையலறை வாசலில் மாமனார் நின்றார். உள்ளங்கையில் டோக்கன்.

"தேச்சிருக்கே?"

இடத்தில் வைத்தேன், துணியை அதே மாதிரி மடித்தேன், பளபளப்பை மறந்துவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாரு பாத்தது?"

"மோல்டர் ஐயா. இருநூத்திப் பதிமூணு."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல மாமா."

"ஒண்ணும் சொல்லாம இருக்கமாட்டானே அவன்" என்றார். உதட்டோரம் லேசாக அசைந்தது போலிருந்தது.

"அவருக்கு உடம்பு சரியில்லன்னுதான் நீங்க போனீங்கன்னு நான் சொல்லிடறேன் மாமா. யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க."

"யாருக்கு? உன் வீட்டுக்காரனுக்கா?" அவர் டோக்கனைத் திருப்பிப் பார்த்தார். "அவனுக்கு வெறும் சளிம்மா. ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. நான்தான் பெருசா சொல்லிக்கிட்டேன். எனக்குப் பயம். என்ன ஆகுமோ ஏது ஆகுமோன்னு பயம். அவ்ளோதான்."

இப்படி அவர் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அடுப்பில் குழம்பு தீயும் வாசனை வந்தது.

"ரிஜிஸ்டர்ல எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். பேனாவுல."

"சரி, அடிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். டோக்கனையும் எடுத்துக்கொண்டு போனார்.

அடிக்காதே என்றால் என்ன? வருவேன் என்பதா, என் பெயர் கிடந்தால் கிடக்கட்டும் என்பதா? இருமுறை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் கிளம்பும்போது அவர் சட்டைகூடப் போடாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பாதி வருத்தம், பாதி நிம்மதி.

ஷெட்டுக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, பின்னால் ஆட்கள் நின்றார்கள். பிள்ளைகளின் ஓவியங்கள் கயிற்றில் ஆடின. கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்தார். பலகையை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நான் ரிஜிஸ்டரை விரித்து மைக் முன் நின்றேன்.

எண்ணைப் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக வந்தார்கள். இறந்துபோனவர்களுக்குப் பதில் மனைவியோ மகனோ வந்தார்கள். கை தட்டினார்கள். 209, 210, 212. பக்கத்தின் அடியில் என் கையெழுத்து, மற்ற எதையும்விடத் தெளிவாக, எட்டு மூலை என்றது. மோல்டர் எழுந்து வந்து தன் வட்டத்தை மாட்டினார். முதல் வரிசையில் போய் உட்கார்ந்து காலை நீட்டினார். அவரைச் சுற்றியிருந்த நாலைந்து பேர் என்னைத்தான் பார்த்தார்கள். விஷயம் பரவியிருந்தது.

பெயரைப் படித்தால் என்ன நடக்கும்? யாரும் எழுந்து வரமாட்டார்கள். ஆணி காலியாக இருக்கும். முன்வரிசை சிரிக்கும். என் மகளும் அதைப் பார்ப்பாள். பக்கத்தைத் திருப்பினேன்.

"இருநூற்றுப் பதினேழு."

"இன்னாம்மா, பதினாலு இன்னாச்சு?" மோல்டர் உட்கார்ந்தபடியே சத்தமாகக் கேட்டார். "எழுதுனது நீதானே? படி."

யாரோ சிரித்தார்கள். சார் மைக் பக்கம் வர எழுந்தார். நான் பக்கத்தைத் திரும்பப் புரட்டினேன். விரல் ஈரத்தில் தாள் ஒட்டியது.

"இருநூற்றுப் பதினான்கு" என்றேன். மாமனாரின் பெயரைப் படித்தேன். மைக்கில் அது வேறு யார் பெயரோ போலக் கேட்டது.

"வரேன்."

குரல் பின்னாலிருந்து வந்தது. நின்றுகொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு அவர் நடந்து வந்தார். சலவை வெள்ளைச் சட்டை, சீவிய தலை. அடுத்த ரயிலில் தனியாக வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியவில்லை. நான் பக்கத்தைத் திருப்பியதைப் பார்த்திருப்பார்.

அவருக்கு யாரும் கை தட்டவில்லை. கணவர் மட்டும் எழுந்து நின்றார். மாமனார் சட்டைப் பையிலிருந்து டோக்கனை எடுத்தார். ஓட்டை ஆணியில் உடனே சேரவில்லை. மூன்றாம் முறை மாட்டியது. வட்டத்துக்குப் பக்கத்தில் எட்டு மூலை, இன்னமும் பளபளப்பாக.

அவர் திரும்பி மோல்டரைப் பார்த்தார். மோல்டர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னிடம்தான் பேசினார்.

"எழுதிக்கோம்மா. லேட்டு. டைம் ஆபீஸ்ல அரை நாள் சம்பளம் கட்டு."

முன்வரிசை சத்தமாகச் சிரித்தது. அது என்ன மாதிரிச் சிரிப்பு என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. மாமனார் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நான் கடைசி எண் படித்து முடிக்கும் வரை இருந்தார். மோல்டரும் அவரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. டீ கொடுத்தபோது இருவரும் பந்தலின் எதிரெதிர் ஓரத்தில் நின்று குடித்தார்கள்.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. கணவர் வாசல் பக்கம் காற்று வாங்க நின்றார். மகள் மாமனாரின் மடியில் தூங்கிப்போயிருந்தாள். அவள் தலை ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி கேட்டார்:

"ஏன் தாண்டின?"

பல காரணங்கள் வாய் வரை வந்தன. பக்கம் ஒட்டிக்கொண்டது, நீங்கள் வரவில்லை என்று நினைத்தேன், குழந்தை பார்க்கிறாளே என்று. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான்.

"பயம் மாமா" என்றேன்.

சானடோரியம் வந்து வண்டி நின்று, மறுபடி நகர்ந்தது.

"அடுத்தது எறங்கணும். கொழந்தையோட செருப்பு கீழ கெடக்கு, எடுத்துக்கோ" என்றார்.