ஆம்பூர் சோப்பு ஞானமுத்து

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் ரஹீம் பாய் வந்து நின்றார். ஆம்பூரில் என் அண்ணனோடு ஆரம்பம் முதல் சோப்பு காய்ச்சியவர். தெருமுனையிலிருந்தே சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிற மனிதர், அன்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "அண்ணன் போய்ட்டாரும்மா" என்றார். ரயிலுக்கு நேரமாகிறது என்று அவர்தான் என்னைக் கிளப்பினார்.

ஞானமுத்து அண்ணனைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய சோப்பைத் தெரிந்திருக்கும். மஞ்சள் காகிதத்தில் ஒரு மல்லிகைக் கொடி, அதன் கீழே கொட்டை எழுத்தில் ஆம்பூர். அந்த ஊர்ப் பெயர் அங்கே நிற்பதற்கு அவர் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா இறந்ததும் அண்ணன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை வாரிப் போடும் வேலை. எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வாடை உடம்பை விட்டுப் போகாது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்து ஆசிரியை ஆனேன். என் கல்யாணத்தன்று என் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப் போகவேண்டியவர் அவர். மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்துவதைப் பார்த்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். நான் அழுதுகொண்டே உள்ளே போனேன். கல்யாணப் பெண் அழுவது சகஜம் என்று யாரும் காரணம் கேட்கவில்லை.

"எனக்கு யார் மேலயும் கோவம் இல்லம்மா. வேலை செஞ்ச கையக் கழுவிக்க நல்லதா ஒரு சோப்பு வேணும். அப்புறம் யார் பக்கத்துல வேணா உக்காரலாம்" என்றார் அண்ணன், பிற்பாடு. சீமைச் சோப்பெல்லாம் எங்களைப் போன்றவர்கள் தொட்டுப் பார்க்கிற பொருளாகவா இருந்தது?

வேர்க்கடலை எண்ணெய், இலுப்பை எண்ணெய், காஸ்டிக் சோடா என்று வீட்டுக் கொல்லையில் தொடங்கினார். முதலில் வந்தது நுரைக்கவே இல்லை. அடுத்தது என் கணவரின் கன்னத்தை உரித்துவிட்டது. "மச்சான், என் தோலையும் பதம் போடப் பாக்கறியா?" என்று அவர் கத்த, அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஷாப்பில் இருந்த வருஷங்களில் அண்ணனின் மூக்கு மரத்துப்போயிருந்தது. எனவே வாசனை என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் சோப்புத் துண்டுகளைத் துண்டில் முடிந்துகொண்டு ரயிலேறி வருவார். சந்தனம் ஜாஸ்தி, வெட்டிவேர் கம்மி என்று நான் முகர்ந்து சொல்வேன். "ரோஜா வேணாம்ணா, கல்யாண வீட்டுப் பன்னீர் மாதிரி இருக்கு" என்பேன். கடைசியில் மல்லிகையில் வந்து நின்றோம். தன்னால் முகர முடியாத ஒரு வாசனையை, என் பேச்சை நம்பி விற்ற மனிதர் அவர்.

ஷாப்பு வேலையை விட்டாயிற்று. அண்ணன் வீட்டில் மூன்று பிள்ளைகள். கூரை வரை சோப்பு அடுக்கிக் கிடந்தது, வாங்கத்தான் ஆளில்லை. அப்போது சென்னையிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்தார். நுரையைப் பார்த்தார், முகர்ந்தார், காகிதத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஆம்பூர்னா தோலு, தோலுன்னா மாட்டுக் கொழுப்புன்னுதான் நெனைப்பான். எவன் மூஞ்சில பூசுவான்? ஊர்ப் பேரை எடுத்துட்டு ஒரு துரைசானி பேரைப் போடுங்க. எவ்ளோ காய்ச்சினாலும் எடுத்துக்கறேன்."

இதில் கொழுப்பே கிடையாது என்று ரஹீம் பாய் எண்ணெய் டின்னையே தூக்கிவந்து காட்டினார். வியாபாரி அசையவில்லை. பெயரை மாற்றிவிடலாம் என்று நாங்களும் கெஞ்சினோம். அண்ணி பிள்ளைகளைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றார் அண்ணன். "ஊர்ப் பேரை மறைச்சி வித்தா, நாங்க நாத்தம் புடிச்சவங்கன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும். சுண்ணாம்புக் குழில நிக்கறவன் இதக் காசு குடுத்து வாங்கணும். எந்த மூஞ்சிய வெச்சிகினு அவன்கிட்ட நீட்டுவேன்?"

வியாபாரி அடுத்த ரயிலில் போய்விட்டார். அண்ணன் சோப்பைச் சிறு துண்டுகளாக அறுத்து, கூலி வாங்கும் சாயங்காலங்களில் ஷாப்பு வாசலில் கூடையோடு நின்றார். "இன்னாண்ணே, எங்கள மறுபடி மாப்பிள்ளை ஆக்கப் போறியா?" என்று கேலி செய்துகொண்டே வாங்கினார்கள். அடுத்த வாரம் அவர்கள் வீட்டுப் பெண்கள் தாங்களே வந்து கேட்டு வாங்கினார்கள். அப்படித்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது.

ஜெர்மன் சண்டை வந்தபோது சீமைச் சோப்பு அரிதாயிற்று. அதே வியாபாரி மறுபடியும் வந்தார். நானாக இருந்தால் வாசலிலேயே நிற்க வைத்திருப்பேன். அண்ணன் பாய் விரித்து, மோர் கொடுத்து, சோப்பும் கொடுத்தார். பெயரைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஆம்பூர் என்ற எழுத்தோடு பெட்டி பெட்டியாகச் சோப்பு சென்னைக்குப் போனது. பிறகு தலைக்குத் தடவும் தைலம், முகப்பவுடர் என்று தொழில் வளர்ந்தது.

புதன்கிழமை அடக்கம். கறுப்புத் துணி சுற்றிய பெட்டியைச் சுற்றி வேலூர், சென்னை வியாபாரிகள் நின்றிருந்தார்கள். வெளியே தெருவில் ஷாப்பு ஆட்கள். வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தவர்கள், முழங்கை வரை ஈரச் சுண்ணாம்பு. "கழுவ நேரமில்லம்மா, நாங்க இங்கயே நிக்கறோம்" என்றார் ஒரு பெரியவர். அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். வீடெல்லாம் தோல் வாடை. யாரும் ஒதுங்கவில்லை.

பெட்டியை அவர்கள்தான் தூக்கினார்கள். கறுப்புத் துணியில் அவர்களுடைய கைகள் வெள்ளை வெள்ளையாகப் பதிந்தன. துடைக்கப் போன ஒருவரை அண்ணி தடுத்துவிட்டார்.

அப்படியே போய் வாருங்கள், அண்ணா.