அக்காவின் பாவசங்கீர்த்தனம்

அக்காவுக்கு வந்த நோயை எல்லாரும் முதலில் பக்தி என்றுதான் நினைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு மாதா கோயிலை விட்டு வெளியே வருவாள். ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள், "ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன்டி" என்று திரும்பி நடப்பாள். வரிசையின் கடைசியில் நின்று மறுபடியும் முழந்தாளிடுவாள். சாமியாருக்கே அலுத்துப்போகும்.

எண்பதுகளின் கடைசியில் பட்டாபிராமில் இருந்தோம். அப்பா இல்லை. அக்கா ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்ன பாவங்கள் எதுவும் பாவமே இல்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது நாக்கிலிருந்து ஒரு துகள் கீழே விழுந்திருக்குமோ என்பாள். ஜெபத்தின் நடுவில் ஒரு கெட்ட வார்த்தை மனதில் ஓடியது என்பாள். ஒரு சொல் இடறினாலும் ஜெபத்தை முதலிலிருந்து தொடங்குவாள். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்கும். நான் எரிந்து விழுந்தால் அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

"அவ புண்ணியவதி. உன்ன மாரி பூசையில தூங்கி வழியறாளா?"

அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி அவளிடம் வந்தார்கள். வகுப்பில் பிள்ளைகளை விட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே நிற்கிறாள் என்று பள்ளியில் அவளை வேலையிலிருந்து நிறுத்தியபோதுதான் அம்மா பயந்தாள். பயந்து அவளை அழைத்துப்போனது பூந்தமல்லிப் பக்கத்து ஜெபவீடு ஒன்றுக்கு. அங்கே ஒருவர் அக்காவின் தலையை அழுத்திப் பிடித்துக் கத்தினார். உள்ளே அசுத்த ஆவி இருக்கிறது, உபவாசம் இருக்க வேண்டும் என்றார். அதுவரை அவளுக்குப் பாவ பயம் மட்டும்தான் இருந்தது. அதோடு பேய்ப் பயமும் சேர்ந்துகொண்டது.

கம்பெனியில் என் பக்கத்து மெஷின்காரி ஒருநாள் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அது வியாதிமே. எங்க அண்ணிக்கும் இப்டித்தான். மாத்திர கீது. பேய்னு சொல்லிகினு இன்னும் எங்க இட்டுகினு போவ?"

அவள் சொன்ன ஆஸ்பத்திரிக்கு அக்காவை அழைத்துப்போனேன். டாக்டர் கெட்டிக்காரர்தான். பாதி கேட்டதுமே நோய் இன்னதென்று புரிந்துகொண்டார். மாத்திரை எழுதிவிட்டு, "ஆறு மாசம் சர்ச் பக்கமே போகக்கூடாது" என்றார்.

"ஞாயித்துக்கிழம அவ வேற எங்க சார் போவா?"

"சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சிரித்தார்.

ரயிலை விட்டு இறங்கியதுமே அக்கா கைப்பையைத் திறந்தாள். மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டுவிட்டாள். தன்னை நரகத்துக்கு அனுப்பப் பார்க்கிறவர் கொடுத்த மருந்தை விழுங்க மாட்டாளாம்.

கோயில் பொறுப்பிலிருந்த பங்குச் சாமியாரிடம் போனேன். மனம் வருந்தி வருகிறவளைத் தான் திருப்பி அனுப்ப முடியாது என்றார். டாக்டருக்கு ஆத்துமத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். டாக்டரும் இவரைப் பற்றி ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தார். இரண்டு படித்த மனிதர்களுக்கு நடுவில், லீவு போட்டுப் போட்டு, நான்தான் அலைந்தேன்.

வழி பிறந்தது புதிதாக வந்த உதவிச் சாமியாரால். கூச்ச சுபாவம், பிரசங்கம்கூடத் திக்கித்தான் வைப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டாக்டரைப் பார்க்க நானும் வரலாமா?" என்றார். அங்கியில்லாமல் சட்டை போட்டுக்கொண்டு வந்து, எங்களோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே இருவரும் வெகுநேரம் பேசினார்கள். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"மாசம் ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க," என்றார் சாமியார். "சொன்னது போதும். மறந்தது மறந்ததாவே இருக்கட்டும், மன்னிப்பு முழுசாச் செல்லும். திரும்பி வரணும்னு தோணுறது வியாதி. மாத்திரை போடுங்க. அதுல பாவம் இல்ல."

டாக்டர் சினிமாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

முதல் மாதம் ரயில்வே கேட்டருகே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் போகவில்லை. மெல்ல மெல்லச் சாப்பிட்டாள், தூங்கினாள், வீட்டில் டியூஷன் எடுத்தாள்.

அடுத்த கோடையில் அந்தச் சாமியாரை மாற்றிவிட்டார்கள். அதே சமயம் ஒரு தியானக் கூட்டத்தில் யாரோ மேடையேறி, மாத்திரையைத் தூக்கியெறிந்ததும் ஆண்டவர் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னார்கள். அக்கா மாத்திரையை நிறுத்தினாள். அம்மா அதை என்னிடம் மறைத்தாள். நான் கண்டுபிடித்தபோது அக்கா தினமும் இரண்டு முறை கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரும் மாறியிருந்தார். புது டாக்டரிடமும் புதுச் சாமியாரிடமும் பழைய கதையை முதலிலிருந்து சொன்னேன். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஜெபிக்கிறேன்மா" என்றார். அன்று கோயில் வாசலில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காகவும் இனி ஓடப்போவதில்லை என்று அக்காவிடமே சொல்லிவிட்டேன்.

அவள் தானாகவே மறுபடி மாத்திரை போட ஆரம்பித்தாள். சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, பாவசங்கீர்த்தனம் முடித்து வந்து என்னிடம் சொன்னாள்.

"எனக்கு ஒரு வியாதி கீது ஃபாதர், இன்னிக்கே திரும்பி வந்தா கேக்காம அனுப்பிடுங்கன்னு நானே சொல்லிட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"சரிம்மான்னாரு."

அவ்வளவுதான். அக்கா அதன்பிறகு பெரும்பாலும் நன்றாகவே இருந்தாள். எனக்குச் சந்தோஷப்படத்தான் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்த அன்றைக்கே அந்தச் 'சரிம்மா'வை என்னிடம் சொல்லியிருந்தால் அந்தப் புதுச் சாமியாருக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று இப்போதும் கோபம் வருகிறது.