காசு கொண்டுவந்த மரம்

என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் கங்காணி வேலை. ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர்களை விரட்டி வேலை வாங்குவது காலையோடு முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் தெரியாத விஷயங்களைத் தெரிந்ததுபோல் பேசிக்கொண்டிருப்பார். அந்த இரண்டாவது வேலைக்கு அவர் ஒருநாளும் லீவு போட்டதில்லை.

லயத்து ஒற்றை அறையை விட்டு எங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தபோது, காணியின் பின்மூலையில் ஒரு பெரிய அல்பீசியா மரம் நின்றது. காணியோடு மரமும் உங்களுக்குத்தான் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே அவர் மரத்தைச் சுற்றிவந்து, தண்டைத் தட்டிப் பார்த்து, மாமியார் வீட்டுச் சீதனத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்குச் சீதனம் இல்லாத குறை அன்றைக்குத்தான் அவருக்குத் தீர்ந்திருக்க வேண்டும்.

மரம் எங்கள் பக்கம் சாய்ந்திருக்கவில்லை. கீழே, அடுத்த தட்டில் இருந்த வீட்டின் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த வீட்டில் ஒரு அக்கா தனியாக இருந்தார். முழங்கால் போய், தோட்டத்தில் பேரை வெட்டி வேலையை விட்டு நிறுத்திய பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு கறவை மாடு. காலையில் பாலைக் கறந்து கடைக்கு ஊற்றுவார், அதில்தான் அரிசி, அதில்தான் மருந்து. மாட்டுப்பட்டி சரியாக மரத்துக்குக் கீழே இருந்தது. வேறு இடத்தில் கட்ட அவருக்கு வேறு இடமே கிடையாது, பட்டியைத் தாண்டினால் பள்ளம். காற்றடித்தால் கொப்புகள் முறிந்து பட்டிக் கூரையில் விழும். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். அக்கா வெளியே வந்து முதலில் மரத்தைப் பார்ப்பார், பிறகு எங்கள் வீட்டைப் பார்ப்பார்.

"தம்பி, மரத்த எடுத்துருங்க. மாடு செனையா இருக்கு" என்று அவர் வந்து சொன்னார்.

"எடுத்துருவோம், எடுத்துருவோம். நல்ல வெலைக்கு ஆள் வரட்டும்" என்றார் இவர்.

நல்ல விலை என்று அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள எங்கள் தோட்டத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ரப்பர் மலை கிழடாகிவிட்டால், புதுக்கன்று நடுவதற்கு முன் வெளியிலிருந்து ஒரு கொந்தராத்துக்காரர் வருவார். தோட்டத்துக்குப் பணத்தைக் கட்டி மரங்களை வாங்குவார். தன் ஆட்களை வைத்து அடியோடு சாய்த்து, விறகுக்கும் பலகைக்குமாக லொறி லொறியாகக் கொண்டுபோவார். இவர் அந்த நாட்களில் கேட்டடியில் நின்று லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆகவே மரம் வெட்ட வருகிறவன் மரத்துக்காரருக்குக் காசு கொடுப்பான் என்பது இவருக்கு சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. இவருக்கு மட்டுமில்லை, எங்கள் டிவிஷனில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தக் காசுக்கு என்ன செய்வது என்றும் முடிவாகிவிட்டது. வாசலுக்கு இரும்பு கேட். வீட்டைச் சுற்றி மதிலும் இல்லை, வேலியும் இல்லை. ஆனாலும் வெல்டிங் கடைக்காரரை வரவழைத்து அளவெடுக்க வைத்தார். கேட் பூட்டியிருந்தால் வருகிறவர்கள் பக்கத்தால் வந்துவிட மாட்டார்களா என்று கேட்டேன். எனக்கு அறிவில்லை என்றார்.

முதலில் தெரணியகலைப் பக்கமிருந்து ஒருவர் ஆட்டோவில் கயிறுகளோடு வந்தார். நம்ம ஆள்தான், இன்னொரு தோட்டத்துக்காரர். மரத்தை அண்ணாந்து பார்த்தார், இறங்கிப்போய் மாட்டுப்பட்டியைப் பார்த்தார், ஏறிவந்து ஒரு தொகையைச் சொன்னார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் சேத்து குடுங்க. நல்ல மரம்" என்றார்.

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நான் குடுக்குறதா? நீங்கதாங்க எனக்கு குடுக்கணும்."

அதற்குப் பிறகு நடந்த பேச்சைக் கேட்டால் செத்தவன்கூட எழும்பி உட்கார்ந்து சிரித்திருப்பான். தோட்டம் எந்தக் காலத்திலாவது மரம் வெட்டுகிறவனுக்குக் காசு கொடுத்திருக்கிறதா என்று இவர் கத்துகிறார். மலையில் தள்ளினால் விழுந்த இடத்தில் கிடக்கும், இங்கே கீழே மாடும் கூரையும் இருக்கிறது, கொப்புக் கொப்பாகக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், தவறினால் போவது தன் உயிர் என்று அவர் கத்துகிறார். "இந்த அல்பீசியாவுல பொட்டிதாங்க அடிக்கலாம், அலுமாரியா செய்யப் போறாங்க?" என்று கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அலுமாரி பேச்சுதான் இவரை ரொம்பச் சுட்டது. அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அடுத்து மெஷின் வாளோடு ஒரு சிங்கள ஆள் கேகாலைப் பக்கமிருந்து வந்தார். இவர் தன் சிங்களத்தை எல்லாம் அவிழ்த்துவிட்டார். மரத்தை நீயே எடுத்துக்கொள், கூலி கேட்காதே, எனக்குக் கொஞ்சம் மட்டும் கொடு என்பதுதான் அத்தனை பேச்சுக்கும் சாரம். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பே மாத்தயா" என்று, முடியாது என்பதை மரியாதையாகவே சொன்னார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றக்கூடாது என்று எனக்கு ஏற்கனவே உத்தரவு. நான் ஊற்றினேன். அவர் குடித்துவிட்டு, கீழே கட்டியிருந்த மாட்டைக் காட்டி, அதையாவது வேறு இடத்தில் கட்டச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதை நான் அக்காவிடம் சொன்னேன். அவர் மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, பால் காசுல நானும் கொஞ்சம் போடுறேன். அந்த கேகாலை ஆள திரும்ப கூப்புடுங்க."

"நீங்க காசு போட்டா நாளைக்கு மரத்துல பங்கு கேப்பீங்க. மரம் எங்களுது" என்றார் இவர்.

"அப்பிடின்னா மழ விடுற வரைக்கும் மாட்ட ஒங்க பின்பக்கம் கட்டிக்கிறேன்."

"சாணி நாறும்."

நான் வாய் திறந்தேன். ஏற்கனவே நாறுகிற வீடுதான், இன்னும் கொஞ்சம் நாறினால் தெரியாது என்றேன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. படியிறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அன்றைக்கு நான் இவரைத் திட்டிய திட்டு மேல் வீடு வரை கேட்டிருக்கும். இவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

மழை நாட்களில் மரம் விழவில்லை. காற்றடித்தபோதும் விழவில்லை. மழை விட்டு, வெயில் வந்து, கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம் விழுந்தது. முதலில் வேர் கிளம்புகிற சத்தம். நிலம் ஏப்பம் விடுவதுபோல் இருந்தது. நான் பின்னால் ஓடிப் பார்த்தபோது மரம் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது.

அக்கா புல்லறுக்கப் போயிருந்தார், தப்பினார். மாடு தப்பவில்லை. பட்டி நொறுங்கிக் கிடந்தது, மாட்டின் பின்பாதிமேல் தண்டு கிடந்தது. முன்கால்கள் இரண்டும் எழும்ப முயன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. அது கத்திய கத்தலை எழுத எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று, தண்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

"நல்ல வேள, தண்டு ஒடையல" என்றார்.

நான் அவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவர் கஞ்சன் என்று தெரியும், வீம்புக்காரர் என்று தெரியும். இது தெரியாது.

பக்கத்து வீட்டு ஆம்பிளைகள் இழுவாள், கோடரி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்கா புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு வந்து மாட்டின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, "அறுங்கப்பா, சீக்கிரம் அறுங்க, உசுரு இருக்குப்பா" என்று கெஞ்சினார். மாட்டுக்குப் பக்கத்திலேயே தண்டில் வாளை வைத்தார்கள். அங்கே அறுத்து உருட்டினால் மாட்டை இழுத்துவிடலாம்.

"நடுவுல வைக்காதீங்க!" என்று இவர் மேலிருந்து கத்தினார். "நீளம் கொறஞ்சா மில்லுல எடுக்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் தள்ளி அறுங்க."

இறங்கிவந்து கையால் முழம் போட்டு அளந்து, கத்தியால் கொத்தி அடையாளமும் வைத்தார். வாளைப் பிடித்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் இவர்தான் கங்காணி. நாளைக்கு யாருக்கு அரைப்பேர் போட்டுப் பாதிக் கூலியோடு அனுப்புவது, யாருக்கு நல்ல மலை கொடுப்பது என்பது இவர் கையில். வாளைத் தூக்கி இவர் கொத்திய இடத்தில் வைத்தார்கள்.

"மாடு உசுரோட கெடக்கு! நீங்க மனுசனா?" என்று நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"உள்ள போ. ஆம்பளைங்க வேல செய்ற எடம் இது."

ஒரு பக்கம் அறுத்தார்கள். மறுபக்கம் பாதி அறுக்கும்போது மாட்டின் சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் வாளை நிறுத்திவிட்டு நின்றார்கள். அக்கா தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. கொம்பின் அடியில், ஈ மொய்க்கிற இடத்தை, தடவிக்கொண்டே இருந்தார். வயிற்றுக்குள் கன்று இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தது என்று பிறகு ஒரு பெண் எனக்குச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மரம் அடியோடு கிடக்கிறது, லொறியில் ஏற்றினால் போதும் என்றதும், பெட்டி அடிக்கிற மில்லிலிருந்து ஆள் வந்துவிட்டது. கயிறும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். பேசி, கொஞ்சம் காசைக் கையில் வைத்து, தண்டையும் கொப்பையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு மாட்டை வாங்க அது காணாது, இரும்பு கேட்டுக்கும் காணாது. ஆனால் காசு காசுதான். இவர் அதைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தார்.

"பாத்தியா? காசு குடுத்துதான் எடுப்பாங்கன்னு நான் சொன்னேனா இல்லையா?"

சொன்னார். அப்படியே நடந்தும் விட்டது. அந்தக் காசையாவது அக்காவுக்குக் கொடுங்கள் என்றேன். "மரத்த நானா தள்ளுனேன்? கடவுள் தள்ளுனது. கடவுள்கிட்ட போயி கேக்க சொல்லு" என்றார். நியாயம் பேச வந்த தோட்டத்துச் சங்கத் தலைவரும் அதே கதையை இன்னும் கொஞ்சம் நல்ல தமிழில் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அக்கா இப்போது அந்த முழங்காலோடு ஊருக்குள் மற்றவர்களின் சின்னத் தேயிலைத் தோட்டங்களில் கூலிக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். என்னோடு பேசுவார். எங்கள் வாசலில் மிதிக்க மாட்டார்.

இவருக்கோ கடைப்பக்கம் போனால் தனி மரியாதை. மரம் வெட்டுகிறவர்களை நம்பாதே, விழும்வரை பொறு, விழுந்தால் தன்னால் காசு வரும் என்று இவர் சொல்ல, வாயைப் பிளந்து கேட்கிறார்கள். போன கிழமை மேல் வீட்டுக்காரர், வெட்டுவதற்குப் பேசிவைத்திருந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய மரமும் அல்பீசியாதான், எங்களுடையதைவிடப் பெரியது. அது சாய்ந்து நிற்பது பிள்ளை மடுவத்தின் பக்கம். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்.

நான் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறிப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து முகம் வழித்துக்கொண்டிருந்தார். மரத்தை வெட்டிவிடுங்கள், கீழே குழந்தைகள் இருக்கிறார்கள், உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன். அவர் கன்னத்துச் சோப்பைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன அண்ணி நீங்க? அண்ணன் சும்மாவா சொல்வாரு? அவருக்கு காசு வந்துச்சுல்ல?"